இரண்டாவது சொடுக்கு

அன்று அந்த மாடிக் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். குற்றாலிங்கம் என்கிற நான், வயது அறுபத்தெட்டு, ஆர்மோனியம் வாசிப்பவன், இரண்டு கண்ணும் தெரியாது. என் தங்கை ஆவுடை, வயது அறுபத்தொன்று, இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். கடைக்காரர் செய்யதலி. கிட்டாருக்குக் கம்பி வாங்க வந்து மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்த ஒருவர், பெயர் சொல்லவில்லை, இருமிக்கொண்டிருந்தார். ஐந்தாவது இஸ்ரவேல். இஸ்ரவேல் இறந்து அன்றோடு சரியாகப் பதினோரு வாரம். ஆனாலும் அவரைக் கணக்கில் சேர்த்தேன். என் சட்டைப் பைக்குள் நகம் அளவு கார்டு ஒன்று இருந்தது. அதற்குள் பதினான்கு சனிக்கிழமை அவர் வயலினோடு இருந்தார். அப்படித்தான் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

கீழே மருந்துக் கடை, மேலே இது, நடுவில் பதினெட்டுப் படி. பதினொன்றாவது படியில் ஓரம் உடைந்திருக்கிறது. கடைக்குள் புதுக் கம்பியின் வாசனையும் அட்டைப் பெட்டி வாசனையும். கார்டை எடுத்துக் கொடுத்து, "இதுல உள்ளதை எல்லாம் பத்திரமா வேற இடத்துல ஏத்தித் தரணும், மொத்தம் இருநூத்திப் பன்னிரண்டு பதிவு" என்று சொன்னேன். பிறகு இரண்டாவது விஷயத்தையும் சொன்னேன், கண் இல்லாதவன் தன் வீட்டிலேயே தானே பதிவு செய்துகொள்ள என்ன இருக்கிறது என்று. செய்யதலி அலமாரியைத் திறந்தார். "இருக்கு அண்ணாச்சி, ஒண்ணொண்ணாத் தொட்டுப் பாருங்க, நான் கார்டைப் போடுதேன்" என்று மூன்று சாமான்களை என் முன்னால் வைத்துவிட்டுக் கம்ப்யூட்டருக்குப் போனார். அவர் நாற்காலியில் ஒரு சக்கரம் மட்டும் கிறீச்சிட்டது. ஆவுடை என் இடது பக்கம் நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. முழங்கால் வலி என்று இரண்டு மாதமாகச் சொல்கிறவள் உட்காராமல் நின்றாள் என்பதை அப்போது கவனித்தேன், ஆனால் கூட்டிப் பார்க்கவில்லை. முதல் சாமான் தொடுதிரை வைத்த ஒன்று, வெறும் கண்ணாடித் தகடு. விரல் வைத்தால் வழுக்கிக்கொண்டே போகிறது, ஒரு மேடு இல்லை, ஒரு பள்ளம் இல்லை, கழுவி வைத்த பீங்கான் தட்டு மாதிரி. இருமல்காரர், "போன்லயே எல்லாம் எடுக்கலாம் சார், எங்க சபையில அப்படித்தான்" என்றார். எடுக்கலாம். வீட்டில் ஆவுடையின் போனில் எடுத்துப் பார்த்தேன், பாதிப் பாட்டில் அவளுடைய நாத்தனார் கூப்பிட்டாள். இரண்டாவது, கம்ப்யூட்டரோடு சேர்க்கிற பெட்டி. அதில் இரண்டு குமிழ். முதல் குமிழில் பல் இருந்தது, டிக் டிக் என்று பதினொரு டிக், இரண்டு பக்கமும் முட்டி நின்றது, எனக்குப் பிடித்தது. இரண்டாவது குமிழ் வழுவழுவென்று சுற்றியது. வலப்பக்கம் சுற்றினேன், சுற்றினேன், நாற்பது சுற்று, எங்கேயும் முட்டவில்லை. "இது எங்க நிக்கும்?" என்று கேட்டேன். "அது நிக்காது அண்ணாச்சி, எவ்வளவு இருக்குன்னு ஸ்கிரீன்ல காட்டும்." "யாருக்கு?" என்றேன். இருமல்காரர் சிரிக்கப் போய் இருமினார். நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. முட்டாத குமிழை நான் நம்புவதில்லை. பக்கத்தில் ஒருத்தர் நின்று இவ்வளவு இருக்கிறது, அவ்வளவு இருக்கிறது என்று சொல்லவேண்டும், அவர் சொல்வது நிஜமாக இருக்கவேண்டும்.

மூன்றாவது என்னிடம் இருக்கிற அதே மாதிரிக் கருவி. உள்ளங்கை அளவு, தலையில் இரண்டு மைக்குகள், பூரான் கொடுக்கு மாதிரி வளைந்து. எடுத்ததும் கட்டைவிரல் தானாகவே பொட்டைத் தேடியது. இல்லை, இது கடைச் சாமான், இதில் ஏது பொட்டு. வீட்டில் இருப்பதில் பதிவுப் பொத்தான் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு உண்டு. ஆவுடையின் புருஷன் தவறியபோது அவளிடம் பிரிக்காத பொட்டு அட்டை நாலு இருந்தது, ஒரு அட்டையில் இருபது. தூக்கிப் போட மனசு வராமல், "அண்ணே, உங்களுக்குத் தடவிப் பாக்க ஆகும்" என்று கொண்டுவந்து கொடுத்தாள். அடுப்புத் திருகில் ஒன்று, விசிறிச் சுவிட்சில் ஒன்று, ராத்திரி மாத்திரை டப்பியில் இரண்டு, ஆர்மோனியத்தில் என் ஷட்ஜக் கட்டையின் ஓரத்தில் ஒன்று, இந்தப் பதிவுப் பொத்தானில் ஒன்று. கருவியை வாங்கிக் கொடுத்தது இஸ்ரவேலின் மருமகன், பஹ்ரைனிலிருந்து வந்தபோது. அவர் சொல்லிக்கொடுத்தது மொத்தம் ஒரு வாக்கியம், ஆவுடையிடம், கிளம்பும் அவசரத்தில்: இந்தப் பொத்தானை அமுக்குங்க, சிவப்பு லைட் எரிஞ்சாப் பதிவாகுதுன்னு அர்த்தம். தை மாதம் முதல் வெள்ளிக்கிழமை தொடங்கினோம். ஞாயிறு மட்டும் விடுமுறை. காலை ஆறரைக்கு நான் ஆர்மோனியத்தின் முன்னால் உட்காருவேன், என் முகத்திலிருந்து இரண்டு சாண் தள்ளி முக்காலியில் கருவி. இடது கை துருத்தியில், வலது கை கட்டையில், எனக்கு மூன்றாவது கை கிடையாது, அதனால் பொத்தான் அவள் பொறுப்பு. ஒரு சொடுக்குக் கேட்கும். "எரியுது அண்ணே" என்பாள். நான் வாசிப்பேன். எனக்கு நாலு வயதில் அம்மை போட்டுக் கண் போயிற்று. அப்பா ரயில்வே கேட்டில் வேலை பார்த்தார். அதற்கு முன்னால் பார்த்த நிறங்களில் எனக்கு மிச்சம் இருப்பது ஒன்றுதான், ரயில் போனபிறகு கடைசிப் பெட்டியின் முதுகில் தெரிந்த சிவப்பு விளக்கு. நின்று எரிந்த விளக்கு. அவள் எரியுது என்று சொல்லும்போதெல்லாம் அந்த விளக்கு எனக்குத் தெரியும். ஒருநாள் தவறாமல் தெரிந்தது. வேறு எதற்காகவும் நான் அதைக் கூப்பிட்டதில்லை.

பதிவைப் போட்டுத் திரும்பக் கேட்டிருக்கலாமே என்று யாரானாலும் கேட்பார்கள். செய்யதலியும் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். நான் கேட்பதில்லை. இருபத்தாறு வயதில் ஒரு குரல் தேர்வுக்குப் போனேன், முடிந்ததும் என் பதிவை எனக்கே போட்டுக் காட்டி, எந்தெந்த இடத்தில் விழுந்தது என்று ஒருவர் பென்சிலால் மேசையில் தட்டிக் காட்டினார். ஒன்பது தட்டு. அன்றிலிருந்து என் சத்தத்தை நான் வெளியிலிருந்து கேட்டதில்லை. எல்லாம் முடியட்டும், பிறகு ஒருநாள் உட்கார்ந்து மொத்தமாகக் கேட்கலாம் என்று வைத்திருந்தேன். விதைத்ததைத் தினமும் தோண்டிப் பார்க்கிறவன் விவசாயி இல்லை என்று ஆவுடையிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். தோண்டியிருக்கலாம். சனிக்கிழமைகளில் இஸ்ரவேல் வருவார். அவருக்கும் கண் தெரியாது, பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே, நான் எட்டோடு நின்றேன், அவர் பத்துவரை போனார். இருபத்தைந்து சனிக்கிழமையில் அவர் வந்தது பதினான்கு, மற்ற பதினொன்றும் யாராவது வீட்டுக் கல்யாணம் அல்லது மூச்சிரைப்பு. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பதினொரு மெட்டுகள் அமைத்தோம். ஆர்மோனியத்தில் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது, படி மாதிரி, இதிலிருந்து அதற்கு எட்டு வைக்கவேண்டியதுதான். அந்த இடைவெளியில்தான் அவர் வில் போகும். என் பாதியை நான் எப்போது வேண்டுமானாலும் வாசிப்பேன், விரலில் இருக்கிறது. அவர் பாதி அவர் கையில் இருந்தது, அந்தக் கையை ஜூலை மாதம் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தோம். அதனால் அந்தக் கார்டு. அதனால் பதினெட்டுப் படி.

"அண்ணாச்சி," என்றார் செய்யதலி, சக்கரம் கிறீச்சிடவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "எத்தனைன்னு சொன்னிய?" "இருநூத்திப் பன்னிரண்டு." "இதுல அறுபத்தி ரெண்டுதான் கெடக்கு." நான் சிரித்தேன். எண்ணிக்கையில் என்னோடு போட்டிக்கு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். "சரியாப் பாருங்க. கார்டுக்குள்ள இன்னொரு அறையில இருக்கும்." "அறையெல்லாம் தொறந்து பாத்துட்டேன். அழிஞ்ச தடயமும் இல்ல. ஏறவே இல்ல." "தேதி போட்டிருக்குமா?" "போட்டிருக்கு. ஜூலை பதினெட்டு, பத்தொம்பது, இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு..." வாசித்துக்கொண்டே போனார், ஞாயிறுகளை விட்டுவிட்டு, சரியாக, என் மனசுக் கணக்கு மாதிரியே, நேற்று வரைக்கும். "ஜூலை பதினெட்டுக்கு முன்னால?" "இந்த வரிசையில இல்ல." விசிறி சுற்றியது. அதன் ஒரு இறக்கை எங்கேயோ உரசியது, ஒரு சுற்றுக்கு ஒரு தடவை. ஜூலை பதினெட்டு வெள்ளிக்கிழமை. இஸ்ரவேல் வரவேண்டிய சனிக்கிழமை பன்னிரண்டாம் தேதி, காப்பி ஆறியது, எட்டு மணிக்கு அவர் மகள் போன் செய்தாள். ஆறு நாள் நான் ஆர்மோனியப் பெட்டியைத் திறக்கவில்லை. பதினெட்டாம் தேதி திறந்தேன். அவர் வாசித்த தேதிகள் அறுபத்தொன்று, ஒன்றைக் கூட்டி எண்ணிவிட்டார் என்று விட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டில் அறுபத்தொன்று போனால் நூற்றைம்பத்தொன்று. தை முதல் வெள்ளியிலிருந்து ஜூலை பதினொன்று வரைக்கும் ஞாயிறு நீக்கி எண்ணினால் நூற்றைம்பத்தொன்று. விரலை மடக்கவேண்டிய தேவையே இல்லாமல் அது தானாக வந்து நின்றது. இஸ்ரவேல் உயிரோடு இருந்த நாள் எதுவும் பதிவாகவில்லை. அவர் போனபிறகு ஒருநாள்கூடத் தவறவில்லை. கருவிக்கு எப்படி அது தெரிந்தது என்று நினைத்தேன். அப்படித்தான் முதலில் நினைத்தேன், கருவிக்கு எப்படித் தெரிந்தது என்று, ஏனென்றால் தங்கையைப் பற்றி அப்படி நினைக்க மனசுக்கு வழி தெரியவில்லை, அது முட்டாத குமிழ் மாதிரிச் சுற்றிச் சுற்றிக் கருவியிடமே வந்தது, பேட்டரியிடம் வந்தது, பஹ்ரைனிடம் வந்தது. பிறகு சொடுக்கிடம் வந்தது. அங்கே முட்டியது.

ஜூலை பதினெட்டாம் தேதி காலையில் இரண்டு சொடுக்குக் கேட்டது. நூற்றைம்பத்தொரு நாளும் ஒன்று, அன்றைக்கு இரண்டு. எனக்குக் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. நான் கேட்டேன், வாயாலும் கேட்டேன். "என்னட்டி ரெண்டு?" "பொத்தான் சரியா அமுங்கல அண்ணே." மறுநாளும் இரண்டு. பொட்டின் பசை காய்ந்துவிட்டது, அதனால் விரல் வழுக்குகிறது என்று முடிவு செய்து, பழையதை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பொட்டு ஒன்றை நானே ஒட்டினேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப நல்லா இருக்கும்" என்றேன். "ஆமாண்ணே" என்றாள். ஒட்டியபிறகும் இரண்டு சொடுக்குதான். அறுபத்தொரு காலை இரண்டு சொடுக்கைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஊரில் எல்லார் படியையும் எண்ணுகிறவன். "ஆவுடை" என்று கூப்பிட்டேன். நான் குரலை உயர்த்துகிறவன் இல்லை, வெளியிடத்தில் பேசவே எனக்குக் கூச்சம், ஆனால் இருமல்காரரின் நாற்காலி அசைந்ததிலிருந்து நான் சத்தமாகத்தான் கூப்பிட்டிருக்கிறேன் என்று தெரிந்தது. அவள் பக்கத்தில்தான் நின்றாள். "ஒருக்க அமுக்குனா மினுக்கும் அண்ணே," என்றாள். நான் எதுவும் கேட்கவில்லை, அவளே சொன்னாள், ரொம்ப நாளாக வாயில் வைத்திருந்ததைத் துப்புகிற மாதிரி. "தயாரா இருக்கேன்னு மினுக்குதாம். ரெண்டாந்தடவை அமுக்குனாத்தான் பதிவாகும், அப்பத்தான் மினுக்காம நிக்கும். எனக்கு யாரு சொன்னா? செவப்பு வந்தாப் போதும்னு சொன்னாக. வந்துச்சு. நான் எரியுதுன்னேன்." செய்யதலி, "ஆமா அண்ணாச்சி, அந்த மாடல் அப்படித்தான், நெறையப் பேரு ஏமாந்திருக்காங்க" என்றார். நல்ல மனிதர். நிறையப் பேரோடு என்னைச் சேர்த்து உட்காரவைக்கப் பார்த்தார்.

அது தப்பு, தெரியாமல் செய்தது. நூற்றைம்பத்தொன்றும் தப்பு, அதை நான் அந்த இடத்திலேயே தள்ளுபடி செய்துவிட்டேன். ரயில் விளக்கு மினுக்காது என்று அவளுக்கு நான் சொன்னதில்லை, அதைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை, வெட்கம். அறுபத்தொன்றைத்தான் என்னால் தள்ள முடியவில்லை. ஒழுங்காகப் பதிவான அறுபத்தொன்றுதான் அவள் எனக்குத் தெரிந்தே செய்தது. "எப்பத் தெரியும் உனக்கு?" "அவுகளை அடக்கம் பண்ணி மறுநா நீங்க போடச் சொன்னியல்லா, அப்ப அமுக்கிப் பாத்துத்தான்." சொன்னேன். இஸ்ரவேலைப் போடு ஆவுடை, ஒரே ஒரு சனிக்கிழமை போடு, கேட்கிறேன் என்றேன். என் சத்தத்தையும் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன் என்றேன், நாற்பது வருஷ வைராக்கியத்தை விட்டு. கருவியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள், ரொம்ப நேரம் கழித்து வந்தாள். "பழசெல்லாம் உள்ள ஆழத்துல இருக்காம் அண்ணே, கடையில குடுத்துத்தான் எடுக்கணுமாம்" என்றாள். உள்ள ஆழத்துல. கிணறு மாதிரிச் சொன்னாள். நான் நம்பினேன். இருக்கிறார், ஆழத்தில் இருக்கிறார், கயிறு மட்டும்தான் வேண்டும் என்று பதினோரு வாரம் நிம்மதியாகச் சாப்பிட்டேன். கடைக்குப் போகலாம் என்றபோதெல்லாம் ஒன்று சொன்னாள். ஆடியில் புதுச் சாமான் வாங்கக் கூடாது. முழங்கால். செய்யதலி ஊரில் இல்லை. மழை. மொத்தம் ஏழு தடவை. கண் இல்லாதவனுக்கு உலகத்தில் பாதியை அடுத்தவர்கள்தான் சொல்கிறார்கள். குழம்பில் எறும்பு இல்லை என்றால் இல்லை. சட்டையில் கறை இல்லை என்றால் இல்லை. பஸ் வரவில்லை என்றால் வரவில்லை. அறுபது வருஷமாக இந்தப் பெண் எனக்குச் சொன்னது எத்தனை இருக்கும். எல்லாவற்றையும் திரும்ப எடுத்து ஒவ்வொன்றாகச் சுரண்டிப் பார்க்கவேண்டுமா. அப்பா கடைசியில் என் பேரைச் சொன்னார் என்றாளே, அது? போன வருஷம் கோயிலில் நான் வாசித்தபோது கூட்டம் எழுந்துபோகாமல் இருந்தது என்றாளே, அது? கால் சத்தம் எனக்குக் கேட்டதே. காற்று என்றாளே. இன்றைக்குக் காலையில் ஆட்டோவில், "கடைக்காரர் ஏதும் சொன்னாருன்னா மனசு விட்ராதீங்க அண்ணே" என்றாள். விலையைப் பற்றிச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"ஒண்ணு மட்டும் தனியாக் கெடக்கு அண்ணாச்சி," என்றார் செய்யதலி. "அறுபத்தொண்ணு ஜூலைக்குப் பெறகு. அறுபத்திரெண்டாவது முந்துனது. மே இருபத்துநாலு. சின்னதுதான், எத்தனை செகண்டுன்னா..." "நாப்பத்தொண்ணு," என்றாள் ஆவுடை. "ஆமா, நாப்பத்தொண்ணு" என்றார் செய்யதலி. எங்கள் வீட்டில் எண்ணுகிறவன் நான். அவள் உப்பைக் கையால் போடுவாள், படியை எண்ணாமல் இறங்குவாள், பால் எத்தனை பொங்கு பொங்கியது என்று கேட்டால் சிரிப்பாள். அவள் வாயிலிருந்து ஒரு கணக்கு, கடைக்காரர் சொல்வதற்கு முன்னால், சுத்தமாக வந்து விழுந்தது. மே இருபத்துநாலு சனிக்கிழமை. இஸ்ரவேல் வந்த பதினான்கில் பத்தாவது. "அன்னைக்கு நிறுத்துறதுக்குப் பதிலா மறுபடி அதையே அமுக்கிட்டேன் போல," என்றாள். "பொட்டுத் தட்டுப்பட்டதும் கை அங்க போயிருச்சு, பெறகு லைட்டு அணையலைன்னு நிறுத்துற பொத்தானை அமுக்கியிருக்கேன். அடக்கத்துக்கு மறுநா அடுக்களையில வச்சுப் போட்டுப் பாத்தப்ப அது ஒண்ணுதான் வந்துச்சு." "அப்ப அது உனக்குத் தெரியும்." "தெரியும்." "எத்தனை தடவை கேட்டே?" "எண்ணல அண்ணே." எண்ணவில்லை. கோபம் வந்தது அந்த இடத்தில்தான், அதற்குமுன் வந்தது கோபம் இல்லை. இஸ்ரவேல் அடுக்களையில் இருந்திருக்கிறார். நான் கூடத்தில் ஆறு நாள் பெட்டியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம், மிளகாய்ப் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில், இவள் மட்டும் அவரைக் கேட்டிருக்கிறாள், எண்ணாமல். "அதைக் குடுத்தா மத்தது எங்கன்னு கேப்பிய," என்றாள், நான் கேட்பதற்குமுன். "ஆழத்துல இருக்காருன்னு சொன்னதும் அன்னைக்கு ரெண்டு தோசை தின்னிய. அதுக்கு முந்தி நாலு நா ஒண்ணும் தின்னலை."

செய்யதலிக்கு எங்கள் நடுவில் நிற்கக் கஷ்டமாக இருந்திருக்கவேண்டும். அலமாரியிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்துப் பிரித்தார், பிளாஸ்டிக் உறை நொறுங்கியது. "இதைப் பாருங்க அண்ணாச்சி, இதைத்தான் மொதல்லயே காட்டியிருக்கணும். இது பேசும்." கையில் வாங்கினேன். பதிவுப் பொத்தான் வட்டமாகக் குழிந்து இருந்தது, நிறுத்தும் பொத்தான் சதுரமாக மேடாக, திரும்பப் போடுவது முக்கோணம், மூன்றும் ஒன்றோடொன்று குழம்பாது. சத்த அளவுக்குக் குமிழே இல்லை. எவ்வளவு சத்தமாக வாசித்தாலும் உடையாது, மெதுவாக வாசித்தாலும் பிறகு தூக்கிக்கொள்ளலாம், பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து பச்சை விளக்கு, மஞ்சள் விளக்கு என்று சொல்லவேண்டியதில்லை என்றார். வட்டத்தை அமுக்கினேன். ஒரு சொடுக்கு. ஒரு பெண் குரல், வெளிநாட்டு இங்கிலீஷ், "நோ கார்டு" என்றது. "கார்டு இன்னும் போடலை, அதைச் சொல்லுது," என்றார் செய்யதலி. மறுபடி அமுக்கினேன். நோ கார்டு. மறுபடி. நோ கார்டு. கொஞ்சமும் தயங்கவில்லை. கேட்கிறவன் சாப்பிட்டானா, யாரைப் புதைத்துவிட்டு வந்திருக்கிறான் என்றெல்லாம் அது பார்க்கவில்லை. இல்லை என்றால் இல்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தை முப்பது இருக்கும், அதில் இது இரண்டு போதும் என்று தோன்றியது. "இல்லைன்னாலும் சொல்லிருமா இது?" என்று ஆவுடை மெதுவாகக் கேட்டாள். "எல்லாம் சொல்லிரும்மா. நின்னா நின்னுட்டேன்னு சொல்லும், நெறைஞ்சா நெறைஞ்சிட்டேன்னு சொல்லும்." அவள் சேலை உரசியது. "அப்ப காலைல நான் வந்து உக்காரணுமாண்ணே?" அந்தக் கேள்வியில் அழுகை எதுவும் இல்லை, பால்காரனிடம் நாளைக்கு எத்தனை லிட்டர் என்று கேட்பது மாதிரிதான் கேட்டாள், அதனால்தான் எனக்குப் பதில் சொல்ல முடிந்தது. "காப்பி கொண்டாந்தாப் போதும்." கைப்பையின் பொத்தான் திறந்தது. அட்டை உரசும் சத்தம் எனக்குத் தெரியும், கடைசி அட்டை. வீட்டிலிருந்தே எடுத்து வந்திருக்கிறாள். "இதுக்குப் பொட்டு?" "தேவையில்லை." கொஞ்சநேரம் கழித்துப் பையின் பொத்தான் மூடியது. ஒரு சொடுக்கு. "இதையே போடுங்க" என்று செய்யதலியிடம் சொன்னேன், கருவியைச் சொன்னேன். அவர், "அந்த ஒண்ணையும் போடவா அண்ணாச்சி?" என்றார். அவர் பதிவைச் சொன்னார். தலையை ஆட்டினேன்.

ஸ்பீக்கரில் போட்டார். முதலில் எங்கள் கூடத்தின் சத்தம், ஜன்னலுக்கு வெளியே அணில். டம்ளரில் காப்பி ஆற்றுகிற சத்தம், ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு ஒரு ஆள் பேசினார், மூக்கால், அவசரமாக, கொஞ்சம்கூட இரக்கம் இல்லாத குரலில். "மூணாவது மெட்டுல ஏழு எடத்துல தப்பு வே. ஒண்ணு, எடுப்புலயே. ரெண்டு, திரும்புற எடம். மூணு, நாலு, சரணத்துல ரெண்டு. அஞ்சு நீரு வில்லை மாத்துன எடம். ஆறு, நான் நின்ன பெறகு நீரு நிக்காமப் போனது. ஏழு, முடிப்பு." யார் இந்த ஆள் என்று நினைத்தேன். அன்று மேசையில் ஒன்பது தட்டுத் தட்டிய பென்சில்காரர் மாதிரி இருந்தது. இரண்டாவது டம்ளரை ஆவுடை கீழே வைத்தாள், அங்கே, மே மாதத்தில். இங்கே, என் இடது பக்கத்தில், அவள் சிரித்தாள். ஒரு மூச்சுச் சிரிப்பு. சிரிக்கிற மாதிரி ஸ்பீக்கரில் இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் இஸ்ரவேல் பேசினார். "எண்ணும் வே, எண்ணும். தங்கச்சி, உங்க அண்ணன் செத்து மேல போனாலும் எத்தனை படின்னு எண்ணி முடிச்சிட்டுத்தான் வாசல்ல கையை வப்பான். வே குத்தாலம், அந்த ஆறாவது எடம் தப்பு இல்ல. நீரு விட்ட எடத்துல நான் போனேன். இப்பக் கேளும்." வில் கம்பியில் விழுந்தது. என் மத்திமத்திலிருந்து பஞ்சமத்துக்கு, நான் ஒரே எட்டில் தாண்டுகிற இடம், அவர் தாண்டவில்லை, நடந்தார், நடுவில் ஒரு இடத்தில் நின்றார், எனக்குக் கட்டை இல்லாத இடம், நின்று, திரும்பிப் பார்த்து, பஞ்சமத்தின் வாசலில் கால் வைக்கப் போனார். சொடுக்கு. விசிறியின் இறக்கை உரசியது. இருமல்காரர் அதுவரை அடக்கி வைத்திருந்ததை எல்லாம் இருமினார். "இன்னொருக்கப் போடவா?" என்றார் செய்யதலி. வேண்டாம் என்றேன். ஆறாவது இடம் தப்பு இல்லை. அதைச் சொல்ல வாய் எடுத்தேன், யாரிடம் சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டேன். ஆவுடை என் முழங்கையைப் பிடித்தாள், படி இறங்குவதற்கு எப்போதும் பிடிக்கிற இடத்தில். கையை இழுத்துக்கொண்டேன். சுவரைத் தொட்டு நானே இறங்கினேன், உடைந்த படி இறங்கும்போது எட்டாவதாக வந்தது, பின்னால் அவள் செருப்பு என் படிக்கு ஒரு படி தள்ளி வந்துகொண்டிருந்தது. நாற்பத்தொரு விநாடி. அதில் அணிலும் டம்ளரும் ஆறு, கழித்தால் முப்பத்தைந்து. தப்புச் சொல்கிற அந்த ஆள் பத்தொன்பது, கழித்தால் பதினாறு. என்னைக் கேலி செய்தது பன்னிரண்டு. வயலின் மிச்சம் நாலு.